மரம் சாய்க்கும் காற்று



கோடை மழை வந்தால் வெக்கை தணியும். ஆனால் மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று பொல்லாதது. அது ஒரு பெருங்காட்டையே சாய்த்தது. இது நடந்த செய்தி.

அமெரிக்காவில் மினசோட்டா என்று ஒரு மாநிலம் உண்டு. அதன் வட எல்லையில் ஏரிகள் நிறைந்த காடு இருக்கிறது. கோடையில் மக்கள் அங்கே படகில் சுற்றுவார்கள். இரவில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள்.

1999 ஜூலை 4. விடுமுறை நாள். காட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். நண்பகலில் வானம் கறுத்தது. சூறைக்காற்று பாய்ந்து வந்தது. மணிக்கு 130 முதல் 160 கிலோமீட்டர் வேகம்! 4 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டில் மரங்கள் முறிந்தன, வேரோடு சாய்ந்தன. அங்கே பாறை மேல் மண் குறைவு. வேர் ஆழமாகப் போகவில்லை.

தங்கியிருந்தவர்கள் மேலும் மரங்கள் விழுந்தன. சுமார் 60 பேர் காயம் அடைந்தார்கள். பாதைகளை மரங்கள் அடைத்துக்கொண்டன. ஏரியில் இறங்கும் சிறு விமானங்கள் வந்துதான் பலரை மீட்டன.

காற்று ஏன் இப்படிப் பாய்கிறது?

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகிறது. அதனால் பானைத் தண்ணீர் குளிர்கிறது. மழைத்துளியும் விழும்போது கொஞ்சம் ஆவியாகிறது. சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது வேகமாகக் கீழே இறங்கும். தரையில் மோதிப் பக்கவாட்டில் பாயும். இடிமேகங்கள் வரிசையாகச் சேர்ந்தால் காற்று வெகுதூரம் போகும். அன்றைய காற்று 22 மணி நேரம் ஓடியது. சுமார் 2,000 கிலோமீட்டர் கடந்தது.

விழுந்த மரங்கள் காய்ந்தால் தீக்கு இரை. 2007-இல் அதே வட்டாரத்தில் முகாமில் மூட்டிய தீ பரவியது. சுமார் 75,000 ஏக்கர் எரிந்தது.

காட்டில் தங்குவோருக்கு மட்டுமா இந்தப் பாடம்? ஆடு மேய்ப்போருக்கும், விறகு பொறுக்குவோருக்கும் இதே பாடம்தான்.

உட்காரும் முன் மேலே பாருங்கள். பட்ட மரமா? சாய்ந்த மரமா? ஒடிந்த கிளை தொங்குகிறதா? அங்கே தங்காதீர்கள்.

இடி கேட்டதும் உறுதியான கட்டடத்துக்குப் போய்விடுங்கள். தண்ணீரில் இருந்தால் கரையேறுங்கள். ஒற்றை மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கூடாரம் இடியையும் தடுக்காது, மரத்தையும் தாங்காது.

வெயிலில் மரம் நிழல் தரும். சூறைக்காற்றில் அதே மரம் உயிரை எடுக்கும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.