நகரத்தில் அனுமதி யாருக்கு?

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தொழிலாளர் – விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

கூலி, போனஸ், பஞ்சப்படி என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மனைக்கும் கட்டிடத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் முனிசிபாலிடியும் சர்க்காரும் கொடுக்கிற அனுமதிதான் அது. "இது வீடு கட்டுகிறவன் பாடு, கடைக்காரன் பாடு. சிமெண்ட் ஆலையில் வேலை செய்கிறவனுக்கும் சோளக்கொல்லையில் களையெடுக்கிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது தோழர்களே, நிறையவே இருக்கிறது.

ஏரியில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது உங்களுக்குத் தெரியும். இன்னாருக்கு இன்ன பொழுது என்று ஊர் கூடி வைத்த முறை அது. ஒருவருக்காக ராத்திரியில் மதகைத் திறந்துவிட்டால் கடைமடை காயும். நகரத்து நிலத்துக்கும் அப்படி ஒரு முறை உண்டு. 1971ம் வருஷத்திய தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, இது குடியிருப்பு, இது வியாபாரம், இது தொழிற்சாலை, இது விவசாயம் என்று நிலத்தைப் பிரிக்கிறார்கள். குடியிருப்புக்கு நடுவே ஆலைப் புகை வரக்கூடாது, தெருவை அடைத்துக் கட்டிடம் எழும்பக்கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பிரிவினை. நல்ல ஏற்பாடுதான். அதில் நமக்குச் சண்டையில்லை.

ஆனால் அதே சட்டத்தில் 113வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. எந்த நிலத்துக்கும், எந்தக் கட்டிடத்துக்கும் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கச் சர்க்காருக்கு அது அதிகாரம் கொடுக்கிறது. மதகுச் சாவி இதுதான்! அந்தச் சாவியைக் கொண்டு பிறப்பித்த 62 உத்தரவுகளை எதிர்த்து ஒரு நுகர்வோர் ஸ்தாபனம் வழக்குப் போட்டு, சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2000ம் வருஷத்தில் தீர்ப்பு வந்தது. அதிகாரம் செல்லும், ஆனால் அதைப் பயன்படுத்திய விதம் சரியில்லை என்று கோர்ட் சொல்லிற்று.

அதோடு நின்றதா? விதியை மீறி முன்பே கட்டிவிட்டவர்கள் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ள 113-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 28-2-1999க்கு முன் கட்டியவை மட்டும் என்றார்கள். பிறகு அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். 2006ல் ஹைகோர்ட் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012ல் 113-சி வந்தது. இந்தத் தடவை 1-7-2007க்கு முன் கட்டியவைக்கு! மாடி மேல் மாடி எழுப்பியவன் காத்திருந்தால் போதும், சட்டம் அவனைத் தேடி வரும். புறம்போக்கு ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டவனைத் தேடி வருவதோ ஜேசிபி.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். திருச்சி ஜில்லாவிலிருந்து பெரம்பலூர் 1995ல் பிரிந்தது. அரியலூர் 2007ல் மறுபடியும் தனி ஜில்லா ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ் வந்தால் பின்னாலேயே மனை வியாபாரியும் வருகிறான். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைந்த புஞ்சையில் வெள்ளையடித்த கல் முளைக்கிறது. பெரிய மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 100க்கு 10 பங்கு பூங்காவுக்கும் பொதுக்காரியத்துக்கும் விடவேண்டும் என்பது விதி. அனுமதி கேட்காமல் போட்டவன் அந்தப் பத்தையும் விற்றுவிட்டுப் போய்விட்டான்.

அந்த மனையை வாங்கியது யார்? சீட்டுக் கட்டி, நகையை வைத்து, இரண்டு சென்ட் வாங்கிய நம்முடைய ஆள்தான். 9-9-2016 அன்று ஹைகோர்ட் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை விதித்தது. விளைநிலம் அழிவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. சரியான உத்தரவுதான் என்றே சொல்வோம். பிறகு 2017 மே மாதம் சர்க்கார் விதிகள் போட்டது. 20-10-2016க்கு முன் விற்ற மனையை வரைமுறைப்படுத்திக்கொள்ளலாம் என்றது. அதற்குக் கட்டணம் யார் தலையில் விழுந்தது? லாபத்தோடு போனவனைத் தேடிப் பிடிப்பதைவிட, மனையில் நிற்கிறவனிடம் வாங்குவது சுலபம் அல்லவா?

22-7-2024 முதல் சுயசான்று முறையில் வீட்டு அனுமதி தருகிறார்கள். 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம் என்றால் ஆபீசுக்கு நடக்க வேண்டாம், கம்ப்யூட்டர் மூலமே வாங்கிக்கொள்ளலாம். வரவேற்கிறோம். ஆனால் மனைக்கு அங்கீகாரம் இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது. இரண்டு சென்ட்காரன் வெளியேதான் நிற்கிறான்.

இன்னொரு ஆளையும் மறக்கக்கூடாது. விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றும்போது விவசாய இலாகாவைக் கேட்கிறார்கள், கலெக்டரைக் கேட்கிறார்கள். அந்த நிலத்தில் வருஷத்துக்கு இத்தனை நாள் கூலி வாங்கிப் பிழைத்தவளை யாரும் கேட்பதில்லை. நிலக்காரனுக்கு விலை, தரகனுக்குக் கமிஷன், அவளுக்கு ஒன்றுமில்லை. பெரம்பலூர் ஜில்லாவில் விசேஷப் பொருளாதார மண்டலம் என்று சொல்லிச் சுமார் 3,000 ஏக்கர் எடுத்தார்கள். வருஷக்கணக்கில் அது சும்மா கிடந்தது. 28-11-2022 அன்றுதான் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா திறந்தார்கள். நடுவிலே போன களைக்கூலிக்கு எந்த ஆபீசில் கணக்கு இருக்கிறது?

போர்டு விஷயமும் இதே கதைதான். மனைக்கு வரி கட்டுகிறவர்கள் மேல் ஏறி நிற்பது அது. 12-9-2019 அன்று சென்னை பள்ளிக்கரணையில் கல்யாண வரவேற்பு பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பின்னால் வந்த லாரியில் அடிபட்டு இறந்தாள். 1-6-2023 அன்று கோவை கருமத்தம்பட்டியில் விளம்பரச் சட்டம் சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். அவர்கள் யார்? அதைக் கட்ட ஏறிய தொழிலாளிகள்! 13-5-2024 அன்று பம்பாய் காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் ராட்சசப் பலகை விழுந்து 17 பேர் செத்தார்கள். அங்கே மாநகராட்சி அனுமதிப்பது 40க்கு 40 அடி. நின்றதோ 120க்கு 120. இடம் ரயில்வே போலீசின் வசம் இருந்தது, அனுமதியும் அவர்களே கொடுத்தார்கள், மாநகராட்சி விதி எங்களைக் கட்டாது என்ற வாதம் வேறு. பார்த்தீர்களா, விலக்கு என்ற சாவி எத்தனை கைகளில் இருக்கிறது!

(பிரஷ் பிடித்துப் போர்டு எழுதிய ஓவியத் தொழிலாளிகள் பலரை இந்த பிளெக்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதைப் பற்றி ஒரு தனிக் கூட்டமே போட்டுப் பேசலாம்.)

சாலையில் குழி தோண்டிக் கம்பம் நட்டவன் மேல் நடவடிக்கை வர ஒரு சாவு வேண்டியிருக்கிறது. பஸ் நிலையத்தில் பூக்கூடை வைத்தவளை அகற்ற ஒரு விசில் போதும். அவளுக்கும் சட்டம் உண்டு தோழர்களே! 2014ம் வருஷத்திய தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடியுமுன் யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. நகர விற்பனைக் குழுவில் 100க்கு 40 பேராவது வியாபாரிகளே இருக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

நாம் இப்போது செய்யக்கூடியது இதுதான். டிஜிட்டல் பேனரில் அனுமதி எண்ணும் காலாவதி தேதியும் கீழே அச்சிடவேண்டும் என்று 2011 விதிகளிலேயே சொன்னார்கள். பேனரைக் கண்டால் படத்தைப் பார்க்காதீர்கள், அடிப்பக்கத்தைப் பாருங்கள். எண் இல்லையென்றால் வார்டு, தெரு, தேதியோடு எழுதிக் கொடுங்கள். உங்கள் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, பூங்கா நிலம் எங்கே, யாருக்கு என்ன விலக்கு அளிக்கப்பட்டது என்று 2005ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தரவேண்டும்.

மனு எழுத வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள், எழுதித் தருகிறோம். மனைப் பத்திரத்தின் நகல் கையில் இருந்தால் சர்வே எண்ணை இன்றே குறித்துக்கொள்வோம். இல்லாதவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள்.