நீரும் ஓர் அமானிதமே



உயிருள்ள ஒவ்வொன்றும் நீரிலிருந்தே படைக்கப்பட்டதாக அல்குர்ஆன் அறிவிக்கின்றது. நீர் மக்கள் அனைவருக்கும் பொதுவானது என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தேங்கி நிற்கும் நீரை அசுத்தப்படுத்துவதையும் தடுத்தார்கள். பொதுவானதைக் கெடுப்பவன் ஊர் முழுவதற்கும் அநீதி இழைக்கின்றான்.

மாம்புரி அமைந்துள்ள கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு. இடையிலுள்ள மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கின்றது. எமது கிணறுகளின் ஊற்று அதுவே. களப்பின் அக்கரையில், கலா ஓயா வந்து கலக்கும் பகுதிக்கு அண்மையில், அருவக்காலு இருக்கின்றது. பல்லாண்டுகளாகச் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்படும் இடம் அது. 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் கொழும்பின் குப்பையை அருவக்காலுக்குக் கொண்டுவரும் திட்டம் விரைவுபெற்றது. 2018இல் புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2019இல் குப்பை வரத் தொடங்கியது.

மக்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் உள்ளன. மணல் வடிகட்டுவதுபோல் அது நீரை வடிகட்டுவதில்லை. குப்பையிலிருந்து கசியும் நீர் தப்பினால் அது விரைவாகத் தொலைதூரம் செல்லக்கூடும்.

ஆயினும், அச்சம் சாட்சியாகாது. செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு மார்க்கம் கட்டளையிடுகின்றது. நீர் விடயத்தில் அவ்விசாரணையே கண்காணிப்பு. ஒருநாள் ஒரு போத்தல் நீரைச் சோதிப்பது கண்காணிப்பன்று. அகழ்விடத்துக்கு மேலேயும் கீழேயும், குறித்த அதே இடங்களில், மாரியிலும் கோடையிலும், ஆண்டுதோறும் அளந்து ஒப்பிட வேண்டும். முன்னைய அளவு இல்லையெனில், கெட்டது எப்போது, எவரால் என்று கூற முடியாது.

சகோதரர்களே! அக்கரையைச் சுட்டும் விரல் எமது தோட்டங்களையும் சுட்ட வேண்டும். கற்பிட்டி மணல் உரத்தைப் பிடித்து வைப்பதில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மீறி இட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றது. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது. மீறினால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாயக்கூடும்.

இங்கே ஒரு மஸ்அலாவைக் கவனியுங்கள். அசுத்தம் கலந்து நிறம், மணம், சுவை மாறிற்றா என்று பார்த்தும் நீரின் சுத்தத்தை நமது இமாம்கள் ஆராய்ந்தார்கள். வுழூவுக்கு அந்த அளவுகோல் சரியானது. நைத்திரேற்றுக்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. வுழூவுக்குத் தகுந்த நீரெல்லாம் பச்சிளம் குழந்தையின் பால்மாவுக்குத் தகுந்ததாகிவிடாது. தாய்மார்களே, கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற அதன் செறிவு கூடும்.

எனவே, கைக்குழந்தை உள்ள வீட்டார் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகிக் கிணற்று நீரைச் சோதிக்க வழி கேளுங்கள். விவசாயிகள் உரத்தை அளந்து, பயிருக்குத் தேவையான வேளையில் மட்டும் இடுங்கள். இளைஞர்களே, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. அருவக்காலுவைச் சூழவுள்ள நீரின் பரிசோதனை முடிவுகளை மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் எழுத்தில் கேளுங்கள். கிடைப்பதைத் திகதியிட்டுப் பள்ளிவாசலில் பேணுங்கள். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். அளவும் ஒரு சாட்சியமே.

உஸ்மான் (ரழி) அவர்கள் மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்தார்கள். கிணறு வாங்க எல்லோராலும் இயலாது. இருக்கும் கிணற்றைக் காப்பது எல்லோருக்கும் இயலும். அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.