கப்பி மீன் வளர்ப்பும் நல்லினத் தெரிவும்

(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றின் மாதர் சங்கக் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பசளையிடும் முறையைக் கூற வருபவன் இன்று கண்ணாடித் தொட்டியொன்றைச் சுமந்து வந்திருப்பதைக் கண்டு சிலர் நகைக்கின்றீர்கள். நகைப்பது தகும். ஆயினும் இச் சிறு மீனை இனங்காத்து வளர்ப்பதற்கு வேண்டிய அறிவு புதியதொன்றன்று. விதைக்கென மிளகாய்ப் பழந் தெரியும்போதும், பட்டிக்கென ஆட்டுக்கிடாய் தெரியும்போதும் நீங்கள் கையாளும் அறிவே அஃது.

கப்பி மீனின் தாயகம் தென்னமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் அதனையடுத்த திரினிடாட் தீவும் ஆகும். திரினிடாட்டில் வாழ்ந்த இலெச்மியர் கப்பி என்பவர் 1866 ஆம் ஆண்டளவில் இம்மீன்களை இலண்டனுக்கு அனுப்பியமையால் அவர் பெயரே மீனின் பெயராயிற்று. நுளம்புக் குடம்பிகளை உண்ணுமென்று கருதிப் பல நாட்டவரும் இதனைக் கொண்டுசென்று நீர்நிலைகளில் விட்டனர். நம் நாட்டிற்கும் அது வந்து சேர்ந்தது. வாய்க்கால்களிற் காணப்படும் மங்கிய கப்பியும், நாம் அழகுக்காக வளர்க்கும் அகன்ற வாலுடைய கப்பியும் ஓரினமே. இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் மனிதனது தெரிவினால் வந்தது. தெரிவு நின்றால் சில தலைமுறைகளில் அழகும் நின்றுவிடும்.

இலங்கையிலிருந்து பிறநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுள் கப்பி முதன்மையானவற்றுள் ஒன்று. வாங்குவோர் கேட்பது ஒரேயளவான, ஒரே நிறமான, ஒரே வாலமைப்புடைய மீன்களை. நூறு மீனும் நூறு விதமாயின், ஒவ்வொன்றும் அழகாயிருப்பினும், அவை கலப்பு மீனென மலிந்த விலைக்கே போகும். வீட்டு முற்றத்தில் நாலு தொட்டி வைத்து மேலதிக வருமானம் தேட விரும்பும் பெண்களுக்கு இலாபமும் நட்டமும் இவ்விடத்திலேயே தீர்மானமாகின்றன.

என்னிடம் அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்றுண்டு. “கடையிற் செவ்வால் ஆணும் பெண்ணும் சோடியாக வாங்கினேன்; குஞ்சுகளோ நீலமும் கறுப்புமாய்ப் பலவிதமாய் வந்தன” என்பர். கடைக்காரர் ஏமாற்றினார் என்று கொள்ள வேண்டுவதில்லை. கப்பிப் பெண் ஒருமுறை ஆணுடன் சேர்ந்தால் அவ்விந்தைத் தன் உடலினுட் சேமித்துவைத்துப் பல மாதங்களுக்கு, மீண்டும் சேராமலே, குஞ்சு ஈனவல்லது. கடைத் தொட்டியிற் பல நிற ஆண்களுடன் கிடந்த பெண் எவ்வாண்களின் குஞ்சுகளை வயிற்றிற் சுமந்து வருகின்றது என்பதை எவரறிவர்? ஆதலின் இனவிருத்திக்கு வேண்டியது ஆணுடன் சேராத கன்னிப் பெண்ணே. அதனைப் பெறுதற்கு வழி, குஞ்சுகளை நாமே வளர்த்து, உரிய காலத்தில் ஆண் பெண் பிரித்து வைப்பதாகும்.

உரிய காலம் என்பது குஞ்சு பிறந்து மூன்றாவது, நாலாவது வாரம். அப்போது பெண்குஞ்சின் வயிற்றின் பின்புறத்தே கருநிறப் புள்ளியொன்று தோன்றும். ஆண்குஞ்சின் குதச்செட்டை விசிறிபோல் விரியாது ஒடுங்கி, கோல்போல் நீளத் தொடங்கும். நிறம் வரட்டும், பின்பு பிரிப்போம் என்று காத்திருப்பவர் பிந்திவிடுவர். நிறம் நன்கு தெரியுமுன்னரே சில ஆண்கள் சேர்க்கைக்கு ஆயத்தமாகிவிடும். காலையில் வெளிச்சத்துக்கு எதிரே குஞ்சுகளைக் கண்ணாடிப் போத்தலிலிட்டுப் பார்த்தல் எளிது. ஐயமான குஞ்சை ஆண் தொட்டியில் விடுக. பெண் தொட்டியில் ஓர் ஆண் தப்பி இருப்பின் அத்தொட்டி முழுவதும் இனவிருத்திக்குப் பயன்படாது போகும்.

இனி ஆணைத் தெரிதல். அண்ணன் தம்பியருள் முதலில் நிறம் பூண்டு மினுங்கும் குஞ்சையே பலர் பொலிமீனாக எடுக்கின்றனர். இது கூடாது. முதிர்ச்சியடைந்த ஆணின் வளர்ச்சி தளர்ந்துவிடும்; ஆதலின் விரைவில் நிறம் பெற்றது பெரும்பாலுஞ் சிறுத்தே நிற்கும். நாலு மாதம் வரை பொறுத்திருந்து, உடற்பருமன், நேரான முதுகு, கிழியாத அகன்ற வால், நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் வலிமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாலைச் சுமக்க மாட்டாது அடியிற் கிடக்கும் மீன் எத்துணை அழகாயினும் பொலிக்கு ஆகாது. முப்பது ஆண்களில் இரண்டோ மூன்றோ தேறும். அவ்விரண்டு மூன்றுக்குத்தான் வீட்டுக்கு வருபவர் கூடிய விலை கேட்பர்! சிறந்ததை விற்று எஞ்சியதை இனத்துக்கு விடும் வழக்கத்தால் நமது விதைமிளகாய்க்கு நேர்ந்த கதி உங்களுக்குத் தெரியும்.

பெண்ணைத் தெரிதல் இதனினுங் கடினம்; அதன் உடலில் நிறங் குன்றியிருத்தலே காரணம். டென்மார்க்கு நாட்டு அறிஞர்களான ஷ்மித் என்பவர் 1920 இலும், விங்கே என்பவர் 1922 இலும் ஓர் உண்மையை வெளியிட்டனர். கப்பியின் சில நிறக்கோலங்கள் ஆணிடம் மட்டுமுள்ள நிறமூர்த்தத்தின் வழியே தந்தையிடமிருந்து மகனுக்கே செல்கின்றன என்பதே அது. பாம்புத்தோற் கோலம் பெரும்பாலும் அவ்வாறு செல்வது. அவ்வாணை எந்தப் பெண்ணுடன் சேர்த்தாலும் மகன்மார் உடலில் அக்கோலம் வரும். ஆனால் வாலின் அகலமும் உடலின் பருமனும் தாய்வழியாலும் வருவன. எனவே பெண்ணைத் தெரியும்போது அதன் உடன்பிறந்த ஆண்களைப் பாருங்கள். பாற்பசுவின் தரமறிந்து அதன் காளைக்கன்றை மதிப்பதற்கு ஒப்பானது இது.

வெண்டோலும் செங்கண்ணும் உடைய மீனின் இயல்போ வேறு. அது பின்னிடைவான இயல்பு. அம்மீனைச் சாதாரண நிறமுள்ள தூய இனத்துடன் சேர்த்தால் முதற்றலைமுறைக் குஞ்சுகள் யாவும் சாதாரண நிறமாகவே பிறக்கும். இதைக் கண்டு மனமுடைந்து அவற்றை எறிந்துவிடுபவர் பலர். அக்குஞ்சுகளை வளர்த்துத் தம்முட் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நாலிலொன்று செங்கண்ணுடன் பிறக்கும்.

ஒரே குடும்பத்துள் இடைவிடாது சேர்த்துவரின் உடல் சிறுத்தல், முதுகு வளைதல், குஞ்சு குறைதல் ஆகிய குறைகள் தோன்றும். இதனைத் தவிர்க்க, ஒரே இனத்தை இரு கிளைகளாக வேறு வேறு தொட்டிகளில் வளர்த்து, சில தலைமுறைக்கு ஒருமுறை ஒரு கிளையின் ஆணை மறு கிளையின் பெண்ணுடன் சேர்க்கலாம். இரு அயல்வீட்டார் ஒரு கிளை ஒருவராக வைத்துக்கொண்டால் இடமும் செலவும் மிஞ்சும். தொட்டிக்கு இலக்கமிட்டுத் தாய், தந்தை, பிறந்த நாள் ஆகியவற்றைக் கொப்பியொன்றிற் குறித்து வையுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

நீரைப்பற்றி நம்மவர் அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. சுண்ணக்கற் பூமியிலுள்ள நமது கிணறுகளின் வன்னீர் கப்பிக்கு உகந்தது. சிறிது உவரையும் அது தாங்கும். வெப்பநிலை 24 முதல் 28 பாகை சதமம் வரை நன்று. கிணற்றுநீரை முதல்நாள் அள்ளி வாயகன்ற பாத்திரத்தில் வைத்திருந்து விடுதல் நலம். குளோரீன் இட்ட குழாய்நீராயின் ஒரு நாள் திறந்து வைத்தாலன்றி விடலாகாது. 60 சதமமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமுமுள்ள தொட்டி ஏறக்குறைய 50 லீற்றர் கொள்ளும். அதில் இருபது பெரிய மீன்கள் போதும். புதுத் தொட்டியில் முதல் மாதம் நாலைந்து மீன்களுக்குமேல் விடாதீர்கள். மீனின் கழிவில் உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெருகுவதற்கு அக்காலம் வேண்டும். உங்கள் தோட்டமண்ணிலும் இவ்வேலையே நடைபெறுகின்றது. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றி, எடுத்த நீரைக் கத்தரிக்கு ஊற்றுங்கள்.

பெண் ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை இருபது முப்பது குஞ்சுகளை உயிருடன் ஈனும். ஈன்றதும் தின்னவுந் தலைப்படும். வேலம்பாசியைத் தொட்டியில் நெருக்கமாக இட்டால் குஞ்சுகள் ஒளிந்து பிழைக்கும்.

மீன்கள் ஒரே இரவில் மாண்டன என்று கேள்வியுறும்போது நான் முதலில் வினவுவது நோயைப்பற்றியன்று. தோட்டத்தில் மருந்தடித்த கையைத் தொட்டியில் விட்டீர்களா, மருந்துப் பம்பி கழுவிய வாளியால் நீர் அள்ளினீர்களா, வீட்டினுள் நுளம்புக்கு மருந்து விசிறினீர்களா என்பவற்றையே கேட்பேன். பூச்சிகொல்லிகள் பலவும் மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. மீனுக்கென வேறான வாளியும் வலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிவிற் கழித்த மீன்களை என்செய்வது? கோயிற் கேணியிலும் குளத்திலும் வாய்க்காலிலும் விடுவது புண்ணியமென்று எண்ணற்க. கப்பி கடுகிப் பெருகும். நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் கவரும். தலையில் வெள்ளிப் புள்ளியுடன் நீர்மட்டத்திலே திரியும் நம் நாட்டுச் சிறு மீன் நுளம்புக் குடம்பிகளை உண்ணவல்லது. அதனை இடம்பெயர்த்து அந்நிய மீனை வைப்பதால் நமக்கு வரும் இலாபம் யாது? கழித்த ஆண்களைக் கலப்பு மீனாகக் கடைகளுக்குக் கொடுக்கலாம். எஞ்சியவை பெரிய வளர்ப்பு மீன்களுக்கு இரையாகும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் முற்றத்துச் சிமெந்துத் தொட்டிகளின் நீர் வழியும் துவாரத்தை நுண்வலையால் மூடிக் கட்டுங்கள். பெருமழையில் தொட்டி வழிந்தால் இரண்டாண்டு உழைப்பும் வெள்ளத்தோடு போகும். அயற் குளத்துக்கும் கேடு விளையும்.

உணவுவகையில் குஞ்சுகளுக்கு முதல் மூன்று வாரமும் பொரித்த ஆர்த்தீமியா மிகச் சிறந்தது. அதனை உப்புநீரில் இருபத்துநாலு மணி நேரத்திற் பொரிக்கவைக்கலாம். நேற்றுக் காலை இட்ட முட்டைகள் இந்தப் போத்தலிற் பொரித்திருக்கின்றன; கூட்டம் முடிந்ததும் ஓடு கலவாமல் வடித்தெடுக்கும் முறையைச் செய்து காட்டுவேன். விரும்புவோர் சிறு போத்தலொன்றும் பருத்தித்துணித் துண்டொன்றும் கொண்டு மேசையருகே வாருங்கள்.