அவசரப் பிரிவின் வாயிலில்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஜீவனஹள்ளித் தமிழ்க் குடும்பங்கள் கூடியிருக்கும் இவ்விழாவில், இலக்கியம் பேசிய பெரியோர்க்குப் பின்னே மருத்துவமனையைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். பாயசம் உண்ட வாய்க்குக் கஷாயம் தருவது போலாகுமே என்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தோம்; அதுவும் வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

நாம் மருத்துவரல்லோம். அவசரப் பிரிவின் வாயிலில் அமர்ந்து, வருவோரின் பெயரையும் உபாதையையும் பதிவேட்டில் எழுதும் பணியில் பல ஆண்டுகள் கழித்தோம். காய்ச்சல், நெஞ்சு வலி, வண்டி விபத்து, இவையே அங்கே அன்றாடம். என்றேனும் ஒருவர் வந்து சொல்வதைக் கேட்டால், எழுதும் பேனா சற்றே தயங்கும்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் தொடக்கத்தில் சென்னையில் நடந்தது ஒன்று. வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மையார், நள்ளிரவில் மூக்கினுள் ஏதோ ஊர்வதாக உணர்ந்து விழித்தெழுந்தார். அது அசையும்போதெல்லாம் கண்ணில் எரிச்சல். விடிந்ததும் மருத்துவரிடம் சென்றார். மூக்கில் சதை வளர்ந்திருக்கலாம் என்றார்கள். வேறோரிடத்தில் மூக்கைக் கழுவிவிட்டார்கள். இப்படி அலைந்து, நான்காவதாக ஸ்டான்லி அரசு மருத்துவமனையை அடைந்தார். அங்கே உள்நோக்கிக் கருவியைச் செலுத்திப் பார்த்தால், இரு கண்களுக்கிடையே, மூளைக்கு மிக அண்மையில் மண்டையோட்டின் அடித்தளத்தில், முழுதாய் வளர்ந்த கரப்பான் பூச்சி ஒன்று உயிரோடு நெளிந்துகொண்டிருந்தது! முக்கால் மணி நேரம் பாடுபட்டு, இடுக்கியாலும் உறிஞ்சு கருவியாலும் உயிரோடே வெளியே எடுத்தார்கள். உள்ளேயே அது மடிந்திருப்பின் மூளைவரை நச்சுத் தொற்று பரவியிருக்கக்கூடும் என்றார்கள் மருத்துவர்கள்.

"ஏதோ ஊர்கிறது" என்று அந்த அம்மையார் முதலிலேயே சொன்னாரே! அச்சொல் அத்தனையும் உண்மை. நாமும் எத்தனை பேருடைய சொல்லைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, நமக்குத் தெரிந்த சொல்லைப் பதிவேட்டில் எழுதியிருப்போமோ! அச்செய்தியைப் படித்த அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. (கரப்பான் பூச்சிக்கு அஞ்சியும்தான்.)

இனி நம் பெங்களூருக்கு வருவோம். 2024ஆம் ஆண்டில் இந்நகரில் திருமண வரவேற்பொன்றில் புகை கக்கும் பீடா பரிமாறினார்கள். அதை உண்ட பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குக் கடுமையான வயிற்று வலி. மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து பார்க்க, இரைப்பையில் ஓட்டை விழுந்திருந்தது. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கித் தைத்து, ஆறு நாளில் நலமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே பீடாவை உண்ட மற்றவர்களுக்கு ஒன்றும் நேரவில்லையாம். ஆபத்து அதிலேதான் இருக்கிறது.

அந்தப் புகை திரவ நைட்ரஜனிலிருந்து வருவது. அதன் குளிர் சுழிக்குக் கீழே 196 பாகை. ஒரு லிட்டர் திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 700 லிட்டராக விரிகிறது. ஆவியாகாத சில துளிகள் தொண்டையைக் கடந்துவிட்டால், விரிந்த வாயு வெளியேற வழியின்றி இரைப்பையைக் கிழித்துவிடும். 2012இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் நகரில் இவ்வாறு புகையும் பானம் அருந்திய இளம் பெண்ணுக்கு இரைப்பையையே அகற்ற நேர்ந்தது. திரவம் முற்றும் ஆவியான பின்னரே பரிமாற வேண்டும் என்று தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறை 2024 ஏப்ரலில் எச்சரித்தது.

இதையெல்லாம் அறிந்த நாமே, நம் குடியிருப்பில் நடந்த ஒரு வரவேற்பில், பேரக் குழந்தைகள் வாயிலும் மூக்கிலும் புகைவிட்டு விளையாடியதைக் கண்டு கைகொட்டிச் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் நெஞ்சு திக்கென்றது. அன்று கேடொன்றும் நேரவில்லை. சமையற்காரரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

இன்னுமொன்று. கோடை விடுமுறைக்கு நம்மில் பலர் சொந்த ஊருக்குச் சென்று, காற்றோட்டத்துக்காகத் தரையில் பாய் விரித்துப் படுப்போம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அது கடித்தால் பல வேளைகளில் வலியும் இராது, வீக்கமும் இராது, பல் பதிந்த தடமும் கண்ணுக்குப் புலப்படாது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள், இமைகள் தாமாகவே தாழும், பேச்சுக் குழறும். தூக்கக் கலக்கம் என்றோ, இரவு உண்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ வீட்டார் எண்ணுவர். நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கி, மூச்சுத் தசைகளையும் ஓய வைத்துவிடும். நச்சுமுறி மருந்தும், வேண்டுமாயின் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தவர் எழுந்து நடந்து வீடு திரும்புகிறார். அம்மருந்துக்கு வேண்டிய நஞ்சை, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து எடுத்துத் தருகிறார்கள்.

அப்படி ஒருவரை அழைத்து வருவோர், "இரவு தரையில் படுத்திருந்தார்" என்ற ஒன்றை மறவாமல் சொன்னால், வாயிலில் இருப்பவர் எழுதிக்கொள்வார். இமை தாழ்வதைக் கண்டால் மந்திரிப்பவரைத் தேடாமல் 108ஐ அழையுங்கள். படுக்கும்போது கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். கட்டுவிரியன் உள்ளே வர வழியிராது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அமர்கிறோம்.