கேம்பிரிட்ஜின் பாட்டு வாத்தியார்

கிறிஸ்துமஸ் காலத்தில் நம் ஊர் தேவாலயங்களில் 'பக்தரே வாரும்' பாடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இதே பாட்டை ஆங்கிலத்தில் பாடும் பல இடங்களில், ஆறாவது சரணம் வந்ததும் சபையார் வழக்கமான மெட்டைப் பாடிக்கொண்டிருக்க, சிறுவர்களின் குரல் மட்டும் பிரிந்து வேறொரு மெட்டில் உச்சத்துக்கு ஏறும். அடுத்த சரணத்தில் எல்லோரும் ஒரே மெட்டுக்குத் திரும்புவார்கள்; அடியில் ஆர்கன் மட்டும் எதிர்பாராத சுரக்கூட்டுகளைப் போட்டு அதிரவைக்கும். இரண்டும் ஒருவர் கைவண்ணம். அவர் பெயர் சர் டேவிட் வில்காக்ஸ்.

1919-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை ஊரான நியூகீயில் பிறந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பாடும் சிறுவனாக இருந்து, 1939-இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்கு ஆர்கன் மாணவராகப் போனார். அங்கிருந்து போர்முனை. 1944 ஜூலையில் நார்மண்டியில் 'குன்று 112' என்ற இடத்தில் நடந்த கடும் சண்டையில் காட்டிய துணிவுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றார். போர் முடிந்து சாலிஸ்பரி, வூஸ்டர் கதீட்ரல்களில் பணி. 1957-இல் மறுபடியும் கிங்ஸ், இந்த முறை இசைத் தலைவராக.

பதவியின் பெயர் அப்போது ஆர்கனிஸ்ட். ஆனால் வழிபாட்டு வேளையில் பெரும்பாலும் ஆர்கன் வாசிப்பது ஒரு மாணவர். இவர் குழுவின் நடுவே நின்று கையசைப்பார். பதினாறு சிறுவர்கள், பதினான்கு இளைஞர்கள். சிறுவர்களுக்குக் குரல் உடையும். இளைஞர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆண்டுதோறும் ஆட்கள் மாறினாலும் குழுவின் நாதம் மாறக் கூடாது. கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயமோ உயரமான கல் விதானம் கொண்டது. ஒருவர் கால் நொடி தாமதித்து ஒரு சொல்லை முடித்தாலும் எதிரொலி காட்டிக்கொடுத்துவிடும். சுருதி, உச்சரிப்பு, மூச்சு எல்லாவற்றிலும் வில்காக்ஸ் அவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்கு அந்தக் கட்டடமும் ஒரு காரணம். அந்தப் பாணியில் அழகு உண்டு, சூடு போதாது என்று குறை சொல்வோர் இன்றும் உண்டு. 1963-இல் அவர் நடத்திப் பதிவான அலெக்ரி என்ற இசையமைப்பாளரின் 'மிசரேரே'யைக் கேட்டபின் எனக்கு அந்தக் குறை நிற்கவில்லை. அதில் உச்சசுரம் பாடிய சிறுவன் ராய் குட்மன், ரக்பி ஆடிவிட்டு நேரே வந்து பாடினான் என்று சொல்வார்கள்.

1961-இல் ரெஜினால்ட் ஜாக்ஸுடன் சேர்ந்து 'கேரல்ஸ் ஃபார் குவாயர்ஸ்' தொகுப்பை வெளியிட்டார். பச்சை அட்டை போட்ட அந்தப் புத்தகத்தில் ஐம்பது கேரல்கள், அதாவது கிறிஸ்துமஸ் பாடல்கள். அடுத்த தொகுதிக்கு ஜான் ரட்டர் என்ற இளைஞரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். முதலில் சொன்னதுபோல் ஒரு கல்லூரி ஆலயத்துக்கென எழுதிய மேல்மெட்டுகள் உலகெங்கும் சிறு சபைகளுக்கும் போய்ச் சேர்ந்தது இந்தப் புத்தகத்தால்தான். அவர் வாங்கிய பட்டங்களைவிட இதையே பெரிய சாதனையாக நான் நினைக்கிறேன்.

லண்டனின் பாக் குவாயர் என்ற பாடகர் குழுவை 1960 முதல் 1998 வரை நடத்தியதும் இவரே. போரை நேரில் கண்ட இந்த மனிதரின் குழு, பிரிட்டன் என்ற இசையமைப்பாளரின் 'வார் ரெக்வியம்' என்ற போர் இரங்கல் இசையை 1963-இல் பிரிட்டனின் தலைமையிலேயே ஒலிப்பதிவில் பாடியது. சில ஆண்டுகளில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் ஒரு பாட்டுக்கும் இதே குழு குரல் கொடுத்தது! 1974 முதல் பத்தாண்டுகள் ராயல் இசைக் கல்லூரியின் தலைவர். 1977-இல் சர் பட்டம். 2015 செப்டம்பரில், 95 வயதில், கேம்பிரிட்ஜில் காலமானார்.

கிங்ஸ் கல்லூரியின் கிறிஸ்துமஸ் வழிபாட்டை 1928 முதல் பிபிசி ஒலிபரப்பி வருகிறது. டிசம்பர் 24 அன்று, நம் நேரப்படி இரவு எட்டரை மணிக்கு வானொலியில் கேட்டுப் பாருங்கள்.