இம்சாதானமும் பள்ளிக் குழந்தைகளின் பாதுகாப்பும்

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் வாழும் சிராவகக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் அனைவரும் கற்ற பாடம் ஒன்றுண்டு. தலைக்கவசமும் கையுறையும் வேண்டும். எனினும் அவை கடைசிக் காவலே. ஆபத்தை அது பிறக்கும் இடத்திலேயே நீக்குவதும், நீக்க இயலாவிடின் பூட்டி வைப்பதுமே முதற்காவல். இயந்திரத்தைப் பழுதுபார்க்குமுன் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் தொழிலாளிக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பள்ளிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இப்பாடம் மறக்கப்படுகிறது. கேமராவும் காவலாளியும் பைச் சோதனையும் தலைக்கவசம் போன்றவை. ஆயுதம் புறப்படும் இடம் வேறு. 2007 டிசம்பர் 11 அன்று அரியானாவின் குர்கானில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உடன் பயின்ற சிறுவர்களால் பள்ளியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டான். அத்துப்பாக்கி அச்சிறுவர்களுள் ஒருவனுடைய தந்தையினுடையது. 2024 ஜூலை 31 அன்று பீகாரின் சுபௌல் மாவட்டத்தில், 5 வயதுக் குழந்தை புத்தகப் பையில் கொண்டுவந்த துப்பாக்கியால் 10 வயது மாணவன் கையில் குண்டடிபட்டான். ஐந்து வயதுக் குழந்தையின் மீது பழி சுமத்துவார் யார்? துப்பாக்கி எட்டும் இடத்தில் கிடந்ததே பிழை.

“சுடுவது மனிதனேயன்றித் துப்பாக்கியன்று, மனம் திருந்தினால் போதும், சட்டம் எதற்கு?” என்பர் ஒரு சாரார். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2012 பிப்ரவரி 9 அன்று சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அங்குத் துப்பாக்கி இல்லை, சினம் இருந்தது.

எனினும் அதே ஆண்டு டிசம்பர் 14 கற்பித்ததையும் நோக்க வேண்டும். அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருவன் கத்தியுடன் தொடக்கப்பள்ளிக்குள் புகுந்தான், 23 குழந்தைகள் காயமுற்றனர், அனைவரும் பிழைத்தனர். அதே நாளில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் ஒருவன் துப்பாக்கியுடன் புகுந்தான். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் மாண்டனர். இரண்டிடத்தும் மனம் கெட்டிருந்தது. உயிர்களின் முடிவை வேறாக்கியது கருவி.

பிரிட்டன் இதனை முன்பே உணர்ந்தது. 1996இல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டபின், மறு ஆண்டே தனியார் கைத்துப்பாக்கி வைத்திருத்தல் அங்குத் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. பொதுவாக 21 வயது நிரம்பாதவர்க்கு உரிமம் இல்லை. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாகக் குறைத்தது.

மனமா, கருவியா என்னும் இவ்வழக்கிற்குச் சிராவக தருமம் விடை வைத்துள்ளது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன் வழிவந்த அருங்கலச்செப்பும் கூறும் அனர்த்ததண்ட விரதத்தில், பிறர்க்குத் தீங்கெண்ணும் அபத்தியானமும் விலக்கப்படுகிறது. கொலைக்கருவிகளைப் பிறர்க்குக் கொடுக்கும் இம்சாதானமும் விலக்கப்படுகிறது. ஒன்று மனத்திற்குக் காவல். மற்றொன்று கருவிக்குக் காவல். ஒன்றைக் கைக்கொண்டு மற்றொன்றை விடுதற்கு அங்கு இடமில்லை.

அவ்விரதமே கருத்தின்மையையும் குற்றமாக எண்ணுகிறது. அதன் பெயர் பிரமாத சரியை. புதுக்கோட்டை மாவட்டத்தில், சமண முனிவர் கற்படுக்கைகளில் தவமிருந்த சித்தன்னவாசல் உள்ளது. அதே மாவட்டத்து நார்த்தாமலை அருகே, 2021 டிசம்பர் 30 அன்று பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிப் பயிற்சித் தளத்திலிருந்து தவறிப் பாய்ந்த குண்டு, தாத்தா வீட்டில் உணவருந்திக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் தைத்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் உயிர் பிரிந்தது. அங்குக் கொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஆயினும் ஓர் உயிர் போயிற்று.

ஆதலின் இல்லறத்தார் செய்யத்தக்கவை சில. உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ள வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருத்தல் வேண்டும். சாவி இருக்குமிடம் குழந்தை அறியலாகாது. அமெரிக்காவில் வாழும் பிள்ளைகள், தம் குழந்தையை நண்பர் வீட்டிற்கு விளையாட அனுப்புமுன் அங்குத் துப்பாக்கி உண்டா, பூட்டப்பட்டுள்ளதா எனக் கேட்க நாணுதல் கூடாது. தாய் ஒரு ஷிப்டும் தந்தை ஒரு ஷிப்டுமாக உழைக்கும் இவ்வட்டாரக் குடும்பங்களில், பள்ளியில் யார் மீது சினம், யார் மீது அச்சம் என்று குழந்தை சொல்வதை நாள்தோறும் ஒருவரேனும் அமர்ந்து கேட்டல் வேண்டும். மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளி நன்னாளில் பொட்டுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, பிறரைக் குறிபார்க்கும் குழந்தையைக் கண்டு மகிழ்வது தகுமா என்பதையும் பெரியோர் எண்ணிப் பார்க்கட்டும்.

பள்ளி வாயிலில் பையைச் சோதிப்பவர் காலை எட்டு மணிக்கே வருகிறார். அப்பை முந்தைய இரவே வீட்டில் நிரப்பப்பட்டு விடுகிறது.