கந்தகமும் காட்டு வாசனையும்



சாத்தூர் வட்டாரத்துக்குக் கந்தகம் புதிதல்ல. தீக்குச்சி மருந்திலும் வெடிமருந்திலும் கையாண்டு பழகிய பொருள். அது எரிந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி வருமே, அதுதான் கந்தக டை ஆக்சைடு. மேகம் உருவாவதில் அந்த வாயுவுக்கும் பங்கு உண்டு.

வெறும் நீராவி மட்டும் இருந்தால் மேகம் கூடாது. நீராவி படிய ஒரு துகள் வேண்டும். கரிசல் புழுதி, கடல் உப்பு, பட்டாசுப் புகை எல்லாம் கீழிருந்து மேலே போகிற துகள்கள். இவை போக, காற்றிலேயே புதிதாகப் பிறக்கும் துகள்களும் உண்டு. வெயிலின் உதவியால் கந்தக டை ஆக்சைடு கந்தக அமில ஆவியாகிறது. அதோடு அம்மோனியாவும், மரங்கள் விடும் ஆவிகள் மாறிப் பிறக்கும் பொருள்களும் சேர்ந்து திரள்கின்றன. பிறக்கும்போது அளவு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர்.

மலை இதற்கு ஏன் தோதான இடம்? பகலில் சரிவுகள் சூடேறக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுகிறது. காட்டின் ஆவிகளும் கூடவே போகின்றன. மேலே காற்று சுத்தம். புகையும் தூசும் நிறைந்த இடத்தில் ஆவி அவற்றின் மேலேயே படிந்துவிடும். இருக்கிற திண்ணையில் இடம் கிடைத்தால் புது வீடு யார் கட்டுவார்?

எவரெஸ்ட் சிகரத்துக்கு அருகே, நேபாளத்தில் 5,079 மீட்டர் உயரத்தில் பிரமிட் என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே அளந்த விவரங்கள் 2021இல் வெளியாயின. புதுத் துகள்களை உண்டாக்குவதில் அங்கே முன்னின்றது கந்தகம் அல்ல. கீழ்ச்சரிவுகளின் செடிகொடிகள் விட்ட ஆவி. நம் நாட்டில் உத்தராகண்டின் முக்தேஸ்வரிலும் துகள் பிறப்பைப் பதிவு செய்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாபலேஸ்வரில் 2012 முதல் மேக ஆய்வகம் ஒன்று இயங்குகிறது.

பிறந்த துகள் எல்லாம் பிழைப்பதில்லை. பல, பெரிய துகள்களில் ஒட்டி மறைகின்றன. ஐம்பது முதல் நூறு நானோமீட்டர் வரை வளர்ந்தவைதான் மேகத்துளிக்கு விதையாகும். விதை கூடினால் மழை கூடும் என்று கணக்குப் போட்டுவிடவும் முடியாது. இருக்கிற நீரை அதிகத் துகள்கள் பங்கு போட்டால் துளிகள் சிறுத்து, மழை தள்ளிப்போகவும் கூடும்.

உலகம் முழுவதும் மேகத்துக்கு விதையாகும் துகள்களில் ஏறத்தாழப் பாதி இப்படிக் காற்றிலேயே பிறந்தவை என்கின்றன கணினிக் கணிப்புகள்.